என் தாடையை உடைத்த சங்கத் தலைவனுக்கு

மச்சான்,

கோப்பை இந்த வருடம் என் வீட்டில் இருக்கிறது. கிரிக்கெட் மட்சில் எங்கள் பக்கம் வென்றுவிட்டது. உனக்குப் பற்றி எரியும் என்று தெரிந்துதான் அதை முதலிலேயே எழுதுகிறேன்.

இன்று காலை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அதைப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளையில் புளி படும்போது கிளம்புகிற அந்த மணம் மூக்கில் ஏறியதும் வாய்க்குள் இரத்தம் ருசித்தது. சும்மா சொல்லவில்லை, வாயைக் கொப்பளித்தே பார்த்தேன். ஒன்றுமில்லை. கோப்பையின் வயிற்றில், கைப்பிடிக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குள் என் பெருவிரல் அளவாகப் போய் உட்கார்ந்தது. நீ என் தாடையில் அடித்து உண்டாக்கிய பள்ளம் அது.

இரண்டு கல்லூரியின் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து நினைவு மலர் ஒன்று போடப் போகிறார்களாம். தொடக்க வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். "ரெண்டு கல்லூரிக்கும் இருந்த நல்லுறவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கோ அங்கிள்" என்று நேற்று ஒரு பிள்ளை போனில் கேட்டது. நல்லுறவு! அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு விழுந்த இரண்டு பற்கள்தான் நினைவுக்கு வரும். மலருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கல்லூரி. உன்னுடையதைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறிய வாத்தியார் ஒருவர், பக்கத்துக் காணியை வாங்கி, நெற்றி நிறையத் திருநீற்றோடு எங்களுடையதைத் தொடங்கினார். சாகும்வரை இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை என்பதை எங்கள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகவே சொல்லித் தந்தார்கள். ஆனால் பாதிரியார் தோண்டிய கிணற்றில் சவர்த் தண்ணீர். எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். மத்தியானமானால் நீங்கள் மதிலேறிக் குதிப்பீர்கள். நாங்கள் கல்லோடு காத்திருப்போம். உன் புருவத்துத் தழும்பு அப்படி வந்ததுதான். எறிந்தது நானா என்பது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

லண்டனில் நாம் கூடியது, ஊரில் சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று பேசி, மூடிக் கிடந்த ஊர்ப் பாதை திறந்த கோடையில். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடி. நீ ஜெர்மனியை விட்டு வந்து, தமிழ்க் கடைகளுக்கு அரிசி மூட்டை இறக்குகிற வான் வண்டி ஓடிக்கொண்டிருந்தாய். இரண்டு கல்லூரியையும் சேர்த்தால்தான் ஒரு நல்ல கிரிக்கெட் அணிக்கு ஆள் தேறும் என்பதால் ஒரே சங்கம் என்று முடிவானது. சங்கத்துக்குச் சட்டதிட்டமாக ஒரு யாப்பு எழுதவில்லை, நிர்வாகத்தைத் தெரிவு செய்யவில்லை, அதற்குள் நீ வெம்பிளியில் ஒரு பித்தளைக் கோப்பையை வாங்கி வந்து மேசை நடுவில் வைத்துவிட்டாய். பிள்ளை பிறக்க முதலே பரிசு வாங்கிய ஆள் நீ ஒருவன்தான்.

வினை பெயரில் வந்தது. சங்கத்தின் பெயரில் எந்தக் கல்லூரி முதலில் வருவது?

"எங்கடைதான் மூத்தது. மூத்ததுக்குத்தான் முதலிடம்" என்றாய்.

"ஓம், மூத்ததுதான். தண்ணி குடிக்க மட்டும் மதிலேறி எங்களிட்டை வந்தனியள்" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. உன் பக்கத்து ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. நீ கோப்பையைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கியதைக் கண்டேன். சபைக்குக் காட்டத்தான் தூக்குகிறாய் என்று நினைத்தேன். முதலில் சத்தம்தான் கேட்டது, முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். நோவு பிறகுதான் வந்தது. என் முன்னாலிருந்த தேத்தண்ணிக்குள் இரண்டு பல் விழுந்து, தேத்தண்ணி சிவந்தது. அதற்குப் பிறகு கதிரைகள் பறந்தன. யாரோ யாரையோ படியால் உருட்டிவிட்டார்கள். ஒருவனுடைய காது கிழிந்து தொங்கியது. உறவு பேச வந்த சபை கறிக்கடை மாதிரி ஆகிவிட்டது.

அடித்த நீதான் என்னைத் தூக்கினாய். வானுக்குள் அரிசி மூட்டைகளுக்கு மேல் கிடத்தி, சிவப்பு விளக்கு ஒன்றுக்கும் நிற்காமல் ஓடினாய். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் விசாரித்தபோது நான் படியால் விழுந்துவிட்டேன் என்றாய். உன் சட்டையில் எப்படி இரத்தம் என்று கேட்டாள். கீழே நின்று பிடித்தேன் என்றாய். வாய் திறக்க முடிந்திருந்தால் நான் அன்றைக்கே உன்னை உள்ளே தள்ளியிருப்பேன். திறக்க முடியவில்லை, தப்பிவிட்டாய்.

தாடைக்குக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள். அந்தக் கிழமைகளில் நீ பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி, வடிகட்டி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு தினமும் வந்தாய். என் மனைவி கதவு திறக்கமாட்டாள். நீ வாசல் படியில் பிளாஸ்கை வைத்துவிட்டு, நான் உறிஞ்சி முடிக்கும்வரை வானுக்குள் இருப்பாய். ஒருநாள் அவளே மனமிரங்கி உள்ளே விட்டாள். "உடைச்சவன்தானே, தங்கச்சி, ஊட்டவேணும்" என்று சொல்லிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்தாய். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வீட்டிலை ரெண்டு மருமகள் சரிவராது. ரெண்டு சங்கமா இருப்பம். வருசத்துக்கு ஒருக்கா மட்ச் வைச்சு அடிபடுவம். சரியோ?" என்றாய். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய ஏலும்? உனக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசாத ஒரே காலம் அதுதான். இரண்டு சங்கமும் அப்படித்தான் தொடங்கின. உன் சங்கத்துக்கு நீ தலைவன், என் சங்கத்துக்கு நான்.

சொன்னபடியே ஒருவரோடொருவர் அடிபட்டோம். சட்டனில் அந்தப் பெரிய பூங்காவில் வருடாவருடம் கொடி பறிப்பு, விக்கெட் பொல்லால் அடி, மூக்கிலிருந்து இரத்தம். ஒரு வருடம் ஒருவனுக்குத் தோளெலும்பு போனது. ஊரில் சனம் சாகிறது, இங்கே இந்த மடையர் கோப்பைக்காகச் சாகிறார்கள் என்று பெண்கள் திட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் அங்கே நடந்ததற்கு யாரை அடிப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை மச்சான். கைக்கு எட்டினவனை அடித்தோம்.

என் அம்மா ஊரில் செத்த செய்தி வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். எனக்கு விசா இல்லை, போக ஏலாது. பகலிலேயே குடித்துவிட்டு ஸ்டேஷன் பிளட்போமின் விளிம்பில், மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றேன். ரயில் வரும் சத்தம் கேட்டது. நீ எங்கிருந்து வந்தாயோ, சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டாய். செவி அடைத்தது. "நீ செத்தா நான் ஆரோடையடா அடிபடுறது?" என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் கத்திக் குழறினாய். பிறகு சீமெந்துத் தரையில் குந்தியிருந்து நீதான் அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

போன கோடையில் சண்டை திரும்பத் தொடங்கி ஊர்ப் பாதையை மறுபடியும் மூடினார்கள். எல்லோருக்கும் உள்ளுக்குள் நெருப்பு. மட்சில் ஓர் அவுட்டுக்குத் தகராறு வந்து, எங்கள் பக்கத்தவன் ஒருவன் பொல்லைப் பிடுங்கிக் குகனின் தம்பியுடைய தலையில் போட்டான். மண்டை பிளந்துவிட்டது. குகன் உன் சங்கத்துச் செயலாளர், உன்னோடு மூட்டை தூக்குகிறவன், உன்னைக் கூடப்பிறந்த அண்ணனாக நினைத்தவன். விலக்குப் பிடிக்கப் போன உன்னையும் யாரோ நெஞ்சில் தள்ளி விழுத்தினார்கள். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாய். அதுதான் நீ என்னோடு கடைசியாகக் கதைத்தது.

சில கிழமைக்குள் வானுக்குப் பக்கத்தில், தோளில் மூட்டையோடு விழுந்துவிட்டாய். இரத்தக் குழாய் பல வருடமாகவே அடைத்திருந்தது என்றார் டாக்டர். குகன் அதை ஏற்கவில்லை. எங்கள் பக்கம் தள்ளி விழுத்தித்தான் நீ செத்தாய் என்று ஊரெல்லாம் சொன்னான். எங்கள் பக்கத்தவன் எவனாவது செத்தவீட்டுக்குக் கால் வைத்தால் கால் இருக்காது என்று உன் சங்கம் அறிவித்தது. போகிறவனுக்கு இனி எங்களிடம் இடமில்லை என்று என் சங்கம் அறிவித்தது. தலைவனுக்கும் அதே சட்டம்தான் என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். பிறகு அதை ஒருவரும் நிறைவேற்றவில்லை, அது வேறு கதை.

எனக்குத் தலைமையும் வேண்டாம், காலும் வேண்டாம். உன் பெட்டிக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும். அம்மாவின் பாடைக்கு நான் தோள் கொடுக்கவில்லை. உனக்கும் கொடுக்காமல் விட்டால் பிறகு எனக்குத் தோள் எதற்கு?

தகன மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் குகனும் நாலைந்து பேரும் நின்றார்கள்.

"இஞ்சை என்ன, வேடிக்கை விடுப்புப் பாக்க வந்தனியோ?" என்றான் குகன்.

"தோள் குடுக்க வந்தனான். குடுத்துட்டுப் போயிடுவன்."

கன்னத்தில் குகனின் அடி விழுந்தது. உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. இன்னொருவன் வயிற்றில் குத்தினான். உன்னை ஏற்றி வந்த கறுப்பு வண்டியில் போய் மோதினேன். குகன் என் கழுத்துப் பட்டியைப் பிடித்து முறுக்கி, தலையைக் கண்ணாடியோடு சேர்த்து அடித்தான். நான் திருப்பி அடிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் பெட்டி தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அப்போது உன் மனைவி சுகந்தி காரால் இறங்கி வந்தாள். அழுது வற்றிய முகம். வந்த வேகத்தில் குகனின் கையைப் பிடித்துத் தட்டிவிட்டாள்.

"இவரை அடிக்கிற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவர் அந்தா பெட்டிக்குள்ளை கிடக்கிறார். நீ ஆரடா இவரிலை கை வைக்கிறதுக்கு?"

அவள் என் கிழிந்த உதட்டைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, "வாங்கோ அண்ணை, தூக்குங்கோ" என்றாள்.

தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், சவ அடக்கக் கொம்பனிக்காரர், தூக்குகிறவர்களை வரிசைப்படுத்த வந்தார். அவருக்கு மதிலும் தெரியாது, சங்கமும் தெரியாது. பெட்டி சரியாமல் இருக்க, ஒரே உயரமானவர்களைச் சோடி சேர்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். உள்ளங்கையை எங்கள் தலைகளுக்கு மேல் வைத்து அளந்து பார்த்தார். குகனும் நானும் ஒரே உயரம். இரண்டு பேரையும் முன்னுக்கு நிறுத்தினார். பெட்டிக்குக் கீழே ஒருவர் தோளை ஒருவர் கட்டிப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் கைகளை எடுத்துத் தானே வைத்தார்.

என்னை அடித்த கை என் தோளைச் சுற்றி வந்தது. முதலில் விறைப்பாக இருந்தது. நாலு அடி நடக்க முதலே அந்த விறைப்பு விட்டுப்போனது. பெட்டிக்கு மறுபக்கம் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. மூச்சை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணை, பிடிச்சிருக்கிறியளோ?" என்றான்.

"ஓம். பிடிச்சிருக்கிறன்."

என் தோளை இறுக்கிப் பிடித்தான். நானும் அவனை இறுக்கிக்கொண்டேன்.

நீ பாரமே இல்லை மச்சான். அரிசி மூட்டை தூக்கித் தூக்கி உடம்பைத் தேய்த்துவிட்டாய் போல. அவன் கைதான் பாரமாக இருந்தது. உன்னை அங்கே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கையை இன்னும் இறக்கவில்லை.