கோரமண்டலில் கேட்ட கல்யாணி

என் பாட்டுக்கார அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உனக்காகத்தான் எழுதுகிறேன். நம்மைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தாலும் படிக்கட்டும். சொல்வதற்கு நல்ல சேதி இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் வேலூர்ப் பக்கத்துக் கோவில்களில் பாடியே பிழைத்தவர்கள். பூமிக்கடியில் தங்கம் வெட்டுகிற இந்தத் தங்க வயலில் புதிதாகக் கோவில்கள் எழும்பியதும், உற்சவங்களில் நீ பாடவும் நான் மிருதங்கம் வாசிக்கவும் வந்து சேர்ந்தோம். அந்த ராமநவமிக் கச்சேரியை நீ மறந்திருக்க மாட்டாய். பந்தலுக்குள் கான்ட்ராக்டர்களும் குமாஸ்தாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்க ஷாஃப்டில் இறங்கி வேலை செய்கிற சனமெல்லாம் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில், வெயிலில் நின்றது.

பாட்டைப் பாதியில் நிறுத்தி, "அவங்களும் உள்ள வந்து உக்காரட்டுமே" என்றாய்.

உற்சவம் நடத்திய கான்ட்ராக்டர் சிரித்துவிட்டார். "பாறை ஒடைக்கிறவனுக்கு ராகம் இன்னாம்மா தெரியும்? நீ பாடு."

பாடினாய். வீடு வந்ததும் கதவருகில் நின்று, "ஞாயித்துக்கிழமை மிருதங்கத்த எடுத்துக்கினு என்கூட வா. நாம அவங்ககிட்ட போலாம்" என்று சொன்னாய்.

கோரமண்டல் சுரங்கத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைனில், தட்டி வீடுகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். தாது இடிக்கிற மில் தூரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது. நீ ஆலாபனையை ஆரம்பித்ததும் பிள்ளைகள் உன்னைப்போலவே வாயைக் கோணி இழுத்துப் பாடிக் காட்டி, உருண்டு புரண்டு சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துவிடலாம் என்று ஜாடை காட்டினேன்.

"சிரிச்சா இன்னாடா? கேட்டுக்கினுதான சிரிக்கிறாங்க?" என்றாய். பாட்டையும் விடவில்லை.

முடிந்தபோது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. மீதி இருந்தவர்களில் முனியம்மா என்ற பெண் உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷன் அண்டர்கிரவுண்டில் வேலை செய்கிறவன். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்கம்மா" என்றாள். வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தாய். புதன்கிழமை காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை நீ இல்லை.

ஒரு மாதம் மிருதங்கத்தின் உறையை நான் அவிழ்க்கவே இல்லை. பிறகு, இனிமேல் பாட்டு கிடையாது என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று லைனுக்குப் போனேன். முனியம்மா முழுக்கக் கேட்டாள். அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவங்க பூட்டாங்க. நீங்க இருக்கீங்க இல்ல? நீங்க வாசிங்க" என்றாள்.

பாட்டில்லாமல் வெறும் மிருதங்கத்தை யார் கேட்பார்கள்? ஆனாலும் அடுத்த ஞாயிறு போய் வாசித்தேன். முதலில் ஆதி தாளம் போடக் கற்றுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முப்பது பிள்ளைகள் தொடையில் தட்டி, விரல் எண்ணி, நான் எங்கே சுற்றிவிட்டு வந்தாலும் தாளம் மறுபடி தொடங்குகிற சமத்தில் சரியாக என்னைப் பிடித்தார்கள். பெரியவர்களும் கூச்சத்தோடு தாளம் போட ஆரம்பித்தார்கள். நீ போனபின் அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன், அக்கா.

ஆனால் முனியம்மாவிடம் நீ வருகிறேன் என்று சொன்னது பாட; உனக்கு நான் கடன்பட்டது அந்தப் பாட்டு. ரயிலேறி வேலூருக்குப் போனேன். கல்யாண வீடுகளில் உன்னோடு சேர்ந்து பாடுவாரே சபாபதி அண்ணன், அவரைக் கூப்பிட்டேன்.

"மில் சத்தத்துல நான் பாடறதா? சரி, உங்க அக்காவுக்காக வர்றேன். நாலு சின்னப் பாட்டு போதும். ராகம் கீகம்லாம் அங்க வேணாம்" என்றார்.

"ராகத்தையும் பாடுங்கண்ணே. எந்திரிச்சுப் போறவங்க போகட்டும்" என்றேன்.

வந்தார். ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாதலால் லைன் முழுக்க வந்து உட்கார்ந்தது. நாலு சின்னப் பாட்டுக்கும் நல்ல சந்தோஷம். ஐந்தாவதாக, என்னை ஒருதரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, கல்யாணி ராக ஆலாபனையை எடுத்தார். எத்தனை நேரம் பாடினார் என்று தெரியவில்லை. ஆலாபனைக்கு மிருதங்கம் கிடையாதே, எனக்கு வேலையில்லை, மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் பீடியைப் பற்றவைக்க எடுத்து, பற்றவைக்காமலே வைத்திருந்தான். மடியில் கிடந்த கைக்குழந்தைகள் தூங்கிப்போயின. பெரிய பிள்ளைகள் சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, எது மறுபடி வேண்டும் என்று சபாபதி அண்ணன் கேட்டார். முனியம்மாவின் மகள், எட்டு வயது இருக்கும், எழுந்து நின்றாள்.

"வார்த்தையே இல்லாம பாடினீங்களே, அது."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். மறுபடியும் கல்யாணி பாடினார். முதல் தடவையைவிட நன்றாகப் பாடினார் என்று எவர் முன்னாலும் சொல்வேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? உன் காதில் அது விழுந்ததா?

இப்போது மாதம் ஒருமுறை அவரே கேட்டுக்கொண்டு வருகிறார். அவர் வர முடியாத ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கிறேன். போன வாரம் பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸிலிருந்து நாலு பெண்கள் நடந்தே வந்திருந்தார்கள். "அவங்களுக்கு மட்டும்தானா? எங்க லைனுக்கு எப்ப வருவீங்க?" என்று சண்டைக்கே நின்றார்கள். வருகிற ஞாயிறு என்று சொல்லியிருக்கிறேன்.

இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, அக்கா. இந்த வயலில் எத்தனை லைன் உண்டோ அத்தனையிலும் பாய் விரிப்பேன். பாட வருகிறவர் எவராயிருந்தாலும், இவர்களுக்கு இது போதும் என்று ஒரு ராகத்தைக்கூடச் சுருக்க விட மாட்டேன். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்ப்பேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்தே வாசிக்கக் கற்ற
உன் தம்பி