கறியில் கிடந்த ஈயக்குண்டு

ஒரகடம்
வைகாசி 14

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அப்பா கோபால் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை, நீயும் அம்மாவும் போனில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்த நேரத்தில் பேப்பர் படிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொள்வேன். முந்தாநாள் நான் அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தது போன வாரத்துப் பேப்பர் என்று உன் அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நானே போன் செய்திருக்கலாம். நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வார்த்தையிலேயே நான் கத்திவிடுவேன், என் வாய் அப்படி. கடிதம் என்றால் கத்தினதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இது நான்காவது தாள்.

வளைகாப்பு முடிந்ததும் இங்கே வரமாட்டேன், அம்பாசமுத்திரத்தில் மாமியார் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாயாமே. மாமியார் தங்கமானவர், குறையே இல்லை. ஆனாலும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்குமா? உன் அம்மா எதுவும் கேட்பதில்லை. உன் பழைய பருத்திப் புடவைகளையெல்லாம் துவைத்து, குழந்தைத் துணிக்காகக் கிழித்து மடித்து வைக்கிறாள். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடிக்கிறாள்.

எல்லாம் தீபாவளியன்று நடந்ததால்தான். உங்களுக்குத் தலை தீபாவளி, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கவேண்டும் என்று, என் கம்பெனி மதிலுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் புதர்க்காட்டில் இரண்டு நாள் அலைந்து அந்த முயலை அடித்தேன். வெள்ளாட்டுக் கறி என்று பொய் சொல்லிப் பரிமாறினேன். மாப்பிள்ளை நம்பிராஜன் கடித்ததும் 'டக்'கென்று சத்தம். அந்தப் பிள்ளை எனக்காக, "ஒண்ணுமில்ல மாமா, கல்லுதான்" என்று சமாளித்தார். நீ அதை அவர் தட்டிலிருந்து எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாய். ஈயக்குண்டு. உன் முகம் போன போக்கை இன்னும் மறக்கமுடியவில்லை.

"அப்பா, முயல் அடிச்சவனுங்கள புடிச்சி கேஸ் போடறதுதான் என் வேலை. உன்னையும் புடிக்கணுமா?" என்று நீ கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "இந்த வூட்டுக்கு வந்தா பொண்ணா வா, ஃபாரஸ்ட் கார்டா வராத" என்று கத்தினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கையைக் கழுவினாய். அன்று சாயங்காலமே கிளம்பினாய்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. மாப்பிள்ளையின் பல்லில் குண்டு பட்டதுதான் உன் கோபம் என்று நான் நினைத்தேன். கோயில் மேல் சத்தியமாக இத்தனை மாதமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குண்டு கறியில் தங்காமல் தலையில் மட்டும் பட்டால் போதுமே, அதற்கு நல்ல துப்பாக்கியாக வாங்கிவிட்டால் சரியாகப் போகும் என்பது என் கணக்கு.

அப்புறம் காடை விஷயம். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குப் பத்தியத்துக்கு நான்தான் காடையும் கௌதாரியும் அடித்துக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கறி கொடுத்தால் பால் நன்றாக ஊறும் என்று நம் பக்கம் எல்லார் வீட்டிலும் அப்பன்காரன் காட்டுக்குப் போவான். உனக்கு மட்டும் நான் செய்யாமல் விடுவதா? ஆனால் பழைய துப்பாக்கி இரும்பு உலக்கை மாதிரி கனக்கிறது. கம்பெனி ஸ்டோர்ஸில் பெட்டி தூக்கித் தூக்கி என் வலது தோள் போய்விட்டது, அதைக் கன்னத்தில் வைத்து நின்றால் குழல் ஆடுகிறது. போதாததற்கு இப்போது சுற்றிலும் மதில், மதிலுக்கு மதில் கேமரா. தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் அடுத்த நிமிஷம் செக்யூரிட்டி வந்து நிற்பான். அதனால் எடை குறைவாக, கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என்னோடு ஸ்டோர்ஸில் இருக்கிற லோகேஷை உனக்குத் தெரியும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவன் பாதி வேட்டைக்காரனாகிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாக மூன்று காற்றுத் துப்பாக்கி எடுத்து வைத்தார். முதலாவது மரக்கட்டை வைத்தது, பார்க்க லட்சணம், ஆனால் என்னுடையதைவிடக் கனம். இரண்டாவதற்குக் காற்றடைக்கத் தனியாக ஒரு பம்பு தூக்கவேண்டும். அதற்கு ஒரு ஆள் வைக்கவேண்டும்! மூன்றாவதைக் கையில் வாங்கியதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. பிளாஸ்டிக் கட்டை, இரண்டு கிலோகூட இல்லை. இரண்டு திருகாணியைக் கழற்றினால் கட்டை தனி, குழல் தனி. நாலரை மில்லி குண்டு, காடை மாதிரிச் சின்ன உடம்பைச் சிதைக்காது. தோளில் வைத்தேன், வலிக்கவே இல்லை. கழற்றி என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பார்த்தேன், டிபன் பாக்ஸுக்கும் இடம் இருந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அடையாள அட்டை கேட்டார். ஆதார் அட்டையை உறையிலிருந்து உருவினேன். அதன் முதுகில் உன் போட்டோ ஒட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது யூனிபார்மில் எடுத்த சின்ன போட்டோ. யார் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண், ஃபாரஸ்ட் கார்டு, களக்காட்டுப் பக்கம் என்று நீட்டி முழக்கினேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "அப்புறம் இன்னா சார் கவலை? வூட்லயே ஆள் கீது. முயல் இன்னா, மானே அடிக்கலாம். உங்கள யாரு கேக்கப்போறா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், அவ கேப்பாய்யா! மொதல்ல என்னைத்தான்யா புடிச்சி உள்ள தள்ளுவா! என் பொண்ண இன்னான்னு நெனச்சிகினுகீற?" என்று கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. லோகேஷ் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான்.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன். அவர் சொன்ன அதே பேச்சை நானே பேசியிருக்கிறேன், சுகா. தீபாவளிக்கு முன்னால் டீக்கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, "நம்ம பொண்ணே கார்டு, எனக்கு எவன் கேஸ் போடுவான்?" என்று சொல்லிச் சிரித்தேன். எத்தனை மழையில் எத்தனை மைல் நடந்து சம்பாதித்த பேர் உனக்கு. அதை நான் டீ குடிக்கும் நேரத்தில் விற்றிருக்கிறேன். மாப்பிள்ளையின் பல் எங்கே, இது எங்கே! அப்பா செய்தது தப்பு. பெரிய தப்பு.

துப்பாக்கி வாங்கவில்லை. லோகேஷின் மாமா படப்பையில் காடைப் பண்ணை வைத்திருக்கிறார், அவரிடமிருந்து இருபது குஞ்சு கொண்டுவந்தேன். கூண்டுக் காடையை ஒரு காலத்தில் பஞ்சு மிட்டாய் என்று கேலி பேசியவன் நான். இப்போது வேலை முடிந்து வந்தால் அதுகளுக்குத் தண்ணீர் மாற்றுவதுதான் என் உத்தியோகம். கூண்டு நானே அடித்தது. கம்பெனிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வந்த மரப்பெட்டிப் பலகைதான், முறையாகக் கேட் பாஸ் போட்டு எடுத்துவந்தேன், பயப்படாதே. பண்ணைக் காடை சட்டப்படி சரிதான் என்கிறார் லோகேஷின் மாமா. நீயும் ஒரு தடவை பார்த்துச் சொல். கூடாது என்றால் நாட்டுக்கோழி அடித்துப் பத்தியம் போடுகிறேன். உன் அம்மா அதற்குள் ஒரு குஞ்சுக்குப் பேர் வைத்துவிட்டாள், அதை அறுக்க விடமாட்டாள் போலிருக்கிறது.

பழைய துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, குழலைத் தனியாகக் கழற்றி, மிச்சமிருந்த குண்டு டப்பாவோடு சாக்கில் கட்டி உன் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். தட்டில் கிடந்த அந்த ஒரு குண்டும் அதில்தான் இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்கவேண்டும், என்ன எழுதிக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. அபராதம் கட்டச் சொன்னால் கட்டுகிறேன், ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் வருகிறேன். உனக்குச் சங்கடம் வராதபடி எது முறையோ அதைச் செய்.

மாப்பிள்ளையிடம் நான் பல்லை விசாரித்ததாகச் சொல். படி இறங்கும்போது பார்த்து இறங்கு. ரோந்துக்கெல்லாம் இப்போது அனுப்பமாட்டார்கள்தானே? வெயிலில் நிற்காதே.

அன்றைக்குப் பெண்ணாக வா, கார்டாக வராதே என்று சொன்னேன். இப்போது கார்டாகவே வா, அம்மா. யூனிபார்மிலேயே வந்து நில். அலமாரிச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். அது முடிந்த பிறகு, உனக்கு மனம் இருந்தால், பை எடுத்துக்கொண்டு உள்ளே வா. உன் அம்மா துணி மடித்து வைத்திருக்கிறாள்.

நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நூறு வருஷம் நல்லபடியாக இருக்கவேண்டும்.

உன் அறையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும்,
அப்பா
கோபால்