மைக்கில் போன ஜெபக்குறிப்பு

மார்ச் 1, வெள்ளி

இன்றும் வக்கீலின் படுக்கை ஈரம். அவளுக்கு ஒன்பது வயதுதான், நாங்கள் தத்தெடுத்து வந்த நாள் முதல் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் இந்தப் பட்டம். நான் ஒன்றும் கேட்காமல் விரிப்பை உருவி மெஷினில் போட்டேன். பின்னாலேயே வந்து நின்றாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"அவரு?"

"அவரும் சொல்ல மாட்டாரு." என் கணவருக்கும் சேர்த்து நானே வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

ஆராதனையில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, மைக் அக்கா ஜெபம் ஏறெடுத்தார். போதகரின் மனைவி, மைக் கைக்கு வந்தால் லேசில் விட மாட்டார். "தகப்பனே, தத்தெடுத்து வந்த அந்தப் பிள்ளை இன்னும் படுக்கையை நனைக்கிறாளே, அவளை விடுதலையாக்கும்" என்றார். சபையே ஆமென் போட்டது. நான் கண்ணைத் திறந்தபோது வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்தேன். "ஆண்கள் கூட்டத்துல எதுக்காக ஜெபிக்கணும்னு ஜெபக்குறிப்பு கேட்டாங்க. பிள்ளை நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்கிறார். அங்கிருந்து போதகருக்கு, போதகரிடமிருந்து மனைவிக்கு, அங்கிருந்து மைக்குக்கு. இதையே தெருவில் சொன்னால் வம்பு. ஜெபம் என்று பேர் வைத்துவிட்டால் ஆசீர்வாதமா?

மார்ச் 4, திங்கள்

வக்கீல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 5, செவ்வாய்

விரிப்பை அவளே துவைக்கப் பார்த்திருக்கிறாள். குளியலறை முழுக்க நுரை. வாங்கப் போனேன், வெடுக்கென்று பிடுங்கினாள்.

"என்னை எப்போ திருப்பி அனுப்புவீங்க?"

"அனுப்பவே மாட்டோம்."

"சொல்ல மாட்டேன்னும்தான் சொன்னீங்க."

இவள் எங்களை நம்பாமலே வளர்ந்துவிடுவாளோ? அதே நினைப்பில், நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவரின் கண்ணாடிக்கு லென்ஸை வலது இடது மாற்றிப் பொருத்திவிட்டேன். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வாசற்படியைக் காலால் தேடினார். முதலாளியிடம் நல்ல பாட்டு.

மார்ச் 7, வியாழன்

ஆண்டவரே, உம்மோடும் கோபம்தான். புத்திரசுவிகாரம் பற்றி வருடா வருடம் பிரசங்கம் கேட்கிறோம். நாம் எல்லாருமே உம் வீட்டுக்குத் தத்துப்பிள்ளைகளாக வந்தவர்களாம். அதற்குத் தலையாட்டுகிற ஒருவர் வாயிலும் இவள் 'உங்க பொண்ணு' இல்லை, 'அந்தப் பிள்ளை'. எங்கள் அசிங்கங்களை நீர் என்றைக்காவது ஊரைக் கூட்டிச் சொன்னீரா?

மார்ச் 8, வெள்ளி

அவள் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து கணவர் சொன்னார்: "நான்தான்மா சொன்னேன். அவங்க சொல்லல. என்னை மன்னிச்சிடு."

உள்ளேயிருந்து, "யோசிச்சுச் சொல்றேன்."

மார்ச் 9, சனி

மைக் அக்கா பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். பாரத்தோடதான் ஜெபிச்சேன். சபைன்னா ஒரே குடும்பம், நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?"

வக்கீல் அறையை விட்டு வெளியே வந்தாள். குரலில் அத்தனை மரியாதை. "ஆன்ட்டி, உங்க வீட்டுல என்ன கஷ்டம்? சொல்லுங்க, நாளைக்கு நான் மைக்குல ஜெபிக்கிறேன்."

"எங்க வீட்டுலயா? ஒண்ணுமில்லையேம்மா."

"ஒரே குடும்பம்தானே ஆன்ட்டி."

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளையை இப்படிப் பேச விடுறீங்களே."

"என் பொண்ணு கேட்டதுல என்னக்கா தப்பு? சொல்லுங்க, நாங்க வேணா கண்ணை மூடிக்கறோம்."

முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். விசுவாசிக்கு அழகில்லைதான். ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. மன்னிக்கிற வேலையைப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் 13, புதன்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வக்கீல் வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். எங்களிடம் வருவதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொன்னாள். பாதியில் நின்றாள், என் முகத்தைப் பார்த்தாள், மீதியையும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"என்ன சொன்னா?" என்று கணவர் கேட்டார்.

"அவளுக்காக ஜெபம் பண்ணுங்க."

"என்னன்னு ஜெபிக்கிறது?"

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.