நான் கடிக்காத தோட்டா

மச்சான்,

நேற்று, நீ செத்த முப்பத்தோராம் நாள் செபத்துக்கு வங்காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் செபமும் கேட்கவில்லை, ஆட்களும் தெரியவில்லை. கோயில் மெழுகுதிரித் துண்டுகளைத் தகரப் பேணியில் உருக்கி, தோட்டாவின் வாலை அதில் தோய்த்துத் தோய்த்து எடுக்கும் உன் கைதான் தெரிந்தது.

தோட்டா செய்வதெல்லாம் ஒரு வேலையோ என்று நான் நக்கலடிப்பேன். நீ காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாய். பழைய கொப்பித் தாளைத் தடியில் சுற்றி, கஞ்சிப் பசை பூசி, ஒரு முனையை நூலால் கட்டுவாய். அடியில் ஈயச் சன்னம், நடுவில் தும்பு, மேலே வெடிமருந்து. பிறகு தாளை முறுக்கி மெழுகில் ஒரு முக்கு. என்னுடையதோ வாய்ப்பக்கத்தால் மருந்து போடுகிற பழைய துவக்கு. தோட்டாவின் வாலைப் பல்லால் கடித்துத் துப்பி, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, மிச்சத்தைத் தாளோடு போட்டுக் கம்பியால் இடித்து, நெருப்புப் பொறி கிளப்பும் கேப்பைப் பொருத்தவேண்டும். ‘மழைத் தண்ணியில ஊறப் போட்டாலும் என்ர தோட்டா வெடிக்கும்’ என்பாய். அதில் பெருமை இருந்தது, பொய் இல்லை. அரிப்பு, கொண்டச்சி ஊர்கள் வரைக்கும் துவக்குக்காரர் உன் தோட்டாவைத்தான் கேட்டார்கள்.

நோன்பு மாதத்தில்தான் எனக்குச் சிக்கல். வெடிமருந்து உப்பு, கடித்தால் நாக்கில் ஒட்டும், நோன்பு முறிந்துவிடும் என்று பயம். முதல் நோன்பிலேயே நான் யோசித்துக்கொண்டு நின்றபோது நீ தோட்டாவைப் பறித்து, கடித்து, என் கையில் தந்தாய். ‘நோன்பு முடியுமட்டும் என்ர பல்லுத்தான் உனக்கும் பல்லு. நீ சுடுறதை மட்டும் ஒழுங்காச் சுடு.’ அதன் பிறகு நோன்பில் நான் ஒரு தோட்டாவையும் கடித்ததில்லை.

அந்த வருடம் நோன்பு பாலைப்பழக் காலத்தில் வந்தது. மறிச்சுக்கட்டிக் காட்டில் வெயில் ஏறத் தொடங்கிய நேரம், உன் வீட்டுக் கறிக்கென்று ஒரு காட்டுக்கோழியைச் சுட்டேன். அதை எடுக்க நீ பாலை மரத்தடிக்குப் போனாய். பழம் தின்ன வந்த கரடி மரத்துக்குப் பின்னால் நின்றதை இரண்டு பேருமே காணவில்லை. அது எழும்பி உன்மேல் விழுந்தபோது உனக்கும் எனக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். துவக்கு வெறுமை.

தோட்டாவை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை, மச்சான். அல்லாஹ் அறிய, திறக்கவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விடலாம் என்பது எனக்கு அன்றும் தெரியும். தெரிந்துகொண்டே நகத்தால் மெழுகைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். அது வழுக்கியது. நீ முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாய்: ‘கடியடா! கடிச்சுத் துப்படா!’ ஒரு பாத்திஹா ஓதும் நேரம் சுணங்கியிருப்பேன். இரண்டாம் முறை நீ கத்தியபோது அது உன் குரல் மாதிரியே இல்லை. அப்போதுதான் கடித்தேன். இடித்தேன். கேப்பை வைத்துக் கரடியின் தலைக்கு மேலே சுட்டேன். அது ஓடிவிட்டது. உன் இடது கண் போய்விட்டது.

ஊர்த் தலைவரான விதானையார் விசாரிக்க வந்தார். ‘தோட்டா கையில இருக்க ஏன் சுணங்கினது?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முகமெல்லாம் சீலை சுற்றிக் கிடந்த நீதான் பதில் சொன்னாய்.

‘முதல் தோட்டா ஈரம் இழுத்துப் போச்சு ஐயா. செய்தது நான். பிழை என்ர.’

அவர் போனதும் உன்னோடு சண்டை பிடித்தேன். ‘ஏன்டா பொய் சொன்னனி?’

‘பின்னை என்ன சொல்லச் சொல்லுறாய்? நோன்புக்காகக் கூட்டாளியைக் கரடிக்குக் குடுத்தவனெண்டு ஊர் உன்னைச் சொல்லும். உன்ர பிள்ளையளையும் சொல்லும். வாயைப் பொத்திக்கொண்டு இரு.’

பொத்திக்கொண்டு இருந்தேன். பதினெட்டு வருடம். பிறகு ஒருவரும் உன்னிடம் தோட்டா வாங்கவில்லை. ‘அவன்ர தோட்டாவோ? கரடியைக் கட்டிப்பிடிக்க வைக்கும்’ என்று சந்தையில் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். நினைத்தால் என்மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் உன் மூத்தவன் யாருக்கோ அதே கதையைச் சொன்னான். ‘அப்பு கெட்டிக்காரன்தான். ஆனால் அவர் செய்த தோட்டாவே அவரை ஏமாத்திப் போட்டுது.’ சோற்றைத் தள்ளிவைத்தேன். எழும்பிவிட்டேன்.

‘அது நல்ல தோட்டா, தம்பி. நான்தான் கடிக்கேல்லை.’

ஒன்றையும் விடாமல் சொன்னேன். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற உன் மனுசி குசினி வாசலில் அகப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘அப்ப நானா, ஒவ்வொரு பெருநாளுக்கும் வண்டில் கட்டித் தொதல் பலகாரம் கொண்டு வந்தது இதுக்குத்தானோ?’

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் வீட்டுக்குள் நின்றுகொண்டு இன்னொரு பொய் சொல்ல வரவில்லை.

‘பாதி இதுக்குத்தான், தங்கச்சி.’

அவள் உள்ளே போய்விட்டாள். மற்றப் பாதி என்னவென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், உன்னோடு இருந்து கதைத்துச் சிரிக்காவிட்டால் எனக்கு அது பெருநாளே இல்லை என்று சொல்லியிருப்பேன். வருகிற பெருநாளுக்கும் வண்டில் கட்டத்தான் போகிறேன். கதவைத் திறப்பாளோ தெரியாது, மச்சான்.