சுந்தர் ஏறிய பிரான்ஸ் மேடு

சனிக்கிழமை, கேட்டி

நண்பன் சுந்தர் வீட்டு பாட்லக் விருந்தில், ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்ததும் அவன் பிரான்ஸில் சைக்கிள் ஓட்டிய படங்களை டிவியில் போட்டான். மலைச்சரிவில் வளைந்து போகிற ரோடு. ஒரு கார் இல்லை, நாலு மாடுதான். எனக்கு வயிறு எரிந்தது. பழியைக் காரக்குழம்பின் மேல் போட்டேன்.

"மேடு ஏற மூச்சு வாங்கலையாண்ணா?" என்று கேட்டாள் என் மனைவி உஷா. என் மூச்சை அவள் விசாரித்து வருஷக்கணக்காச்சு.

"பேட்டரி சைக்கிள்தாம்மா" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. "அப்போ ஏறினது மோட்டார்தானே!" என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது காரில் உஷா சொன்னாள்: "எல்லாப் படத்துலயும் அண்ணி அவர் பக்கத்துலயே ஓட்டிட்டு வராங்க. நான் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

தட்டையான எங்கள் அமெரிக்க ஊர் கேட்டியில் மேடு என்றால் ஃப்ரீவே பாலம் ஒன்றுதான். காலையில் கராஜில் இருக்கிற இரண்டு சைக்கிளுக்கும் காற்றடிக்கணும்.