மணிக்கட்டுப் பக்கம் சிவந்திருந்தது

உன் கீப்பிங் கிளவுஸ் என் ஜன்னலில் காய்கிறது. அறை முழுக்க ஈரத் தோலும் வியர்வையும் கலந்த நாற்றம். மணம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. நீ டெங்குவில் போன பிறகு, உன் அம்மா மாடியேறி வந்து இதைக் கொடுத்தார். "வச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்? நீ போட்டுண்டு ஆடு" என்றார். படியிறங்கும்போது திரும்பி நின்று, "அந்தக் கடைசி மேட்ச்ல அவனுக்கு என்னதான் ஆச்சுடா? உனக்கானும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

இன்று மைதானத்தில் எங்கள் கப்பல் பட்டறை அணிக்கு ஆட்டம். முதலில் ஃபீல்டிங். உன் கிளவுஸைப் போட்டுக்கொண்டு நான்தான் கீப்பிங். முடிந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது, எங்கள் வங்காளி கேப்டன் சௌமிக் கிளவுஸைப் பார்த்துவிட்டு, "ஆரே, இது அவனோடதா? போட்டுக்கிட்டு நீயும் பிட்ச்ல தூங்கிடாதே தாதா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு உன்னுடைய அந்த ஓர் ஆட்டம்தான் ஞாபகம் இருக்கிறது. வேகப்பந்து வீச்சாளனை முதல் ஓவரிலேயே இறங்கி வந்து தலைக்கு மேல் தூக்கியவன் நீ. வெளிநாட்டு மண்ணில் நீ சதம் அடித்த அன்று, காளிகாட்டில் நம் சந்தே பட்டாசு வெடித்தது. கிரிக்கெட்டே தெரியாத எதிர்வீட்டு வங்காளி மாஷிமா சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வந்து, என் வாயில் ஒன்றைத் திணித்தார்.

பிறகு நீ வரிசையாக இறங்கி அடித்து அவுட்டானாய். அணியில் இன்னொரு கீப்பர் காத்திருந்தான். "ஏய் இன்ஜினியர், என் வீடியோ எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லேன்" என்றாய். பார்த்தேன். நீ எங்கே விழுந்த பந்தில் அவுட்டானாய் என்று கட்டம் போட்டு, ஆபத்தான கட்டங்களுக்குச் சிவப்பு அடித்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும். "உனக்கு மூளை இருக்கா? முதல் பத்து ஓவர் இந்தச் சிவப்பைத் தொடாதே. சும்மா நில்லு" என்றேன். நீ உள்ளங்கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாய். "கையைப் பாத்தெல்லாம் கிரிக்கெட் ஆட முடியாதுடா" என்று வெட்டிவிட்டேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தில் நீ நின்றாய். சும்மாவே நின்றாய். ஓவர்கள் தீர்ந்தன, தோற்றோம், அணியிலிருந்து உன்னை எடுத்தார்கள். பத்திரிகைக்காரர்களிடம், "அது என் முடிவு" என்று மட்டும் சொன்னாய்.

ஊர் திரும்பியதும், மெட்ரோ வாசல் டீக்கடையில் மண்குவளையை உருட்டிக்கொண்டே, நான் கேட்க மறுத்ததைச் சொன்னாய். ஓர் இன்னிங்ஸ் முழுக்கக் கீப்பிங் செய்தவனுக்குப் பிட்ச் கையிலேயே தெரியுமாம். பந்து தாழ்ந்து வந்தால் விரல் நுனி சிவக்கும். எதிர்பார்த்ததைவிட எழும்பினால் மணிக்கட்டுப் பக்கம்; அப்போது பந்து மட்டைக்கு நன்றாக வரும், தைரியமாக இறங்கி அடிக்கலாம். நீ இறங்கி அடித்ததெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

"அன்னிக்கு மணிக்கட்டு கிட்ட தக்காளியாட்டம் செவந்திருந்ததுடா. கை, 'அடி'ங்கறது. உன் செவப்புக் கட்டம் வேண்டாங்கறது."

"அப்புறம் ஏன்டா என் பேச்சைக் கேட்ட?"

"பயந்துட்டேன். பயந்தவனுக்குக் கணக்குன்னா ரொம்பப் பிடிக்கும்."

அதற்கும் சிரித்தாய். டீக்கு நீதான் காசு கொடுத்தாய். நான் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டத்தில் எங்கே தவறு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று சிரித்து முடித்ததும் கிளவுஸைக் கழற்றினேன். விரல் நுனியெல்லாம் சிவப்பு. "பந்து எழும்பலை. குறுக்கே அடிக்காதீங்க, பேட்டை நேரா வச்சு ஆடுங்க" என்றேன். ஆடினார்கள், ஜெயித்தோம். சௌமிக் என் தோளில் கைபோட்டு, "கீ ரே, என்னடா, எப்படித் தெரிஞ்சது?" என்றான்.

"இந்தக் கிளவுஸ்காரன் சொன்னது."

"இவ்வளவு தெரிஞ்சவன் ஏன் அன்னிக்கு அப்படி ஆடினான்?"

சொன்னேன். என் ஓட்டை வங்காளத்தில், எல்லார் முன்னாலும். "நான்தான் அப்படி ஆடச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டான்."

சௌமிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். "உன் பேச்சையா? இந்தியாவுக்கு ஆடினவனா?" முதலில் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். ஒருவனும் நம்பவில்லை. நம்பாததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

கீழே உன் அம்மா குக்கரை இறக்கும் சத்தம் கேட்கிறது. அவரிடம் சொன்னால் சிரிக்கமாட்டார். உடனே நம்பிவிடுவார். கிளவுஸ் எப்போதோ காய்ந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படி வரை போய்ப் போய்த் திரும்புகிறேன்.