ஏரிக்கரையில பத்தாயிரம் வாலா

டிசம்பர் 14, ஞாயிறு

முதுகு விட்டுப் போச்சு. ரெண்டு மூட்டை தோல் துண்டு பொறுக்கினேன் இன்னிக்கு. எவனோ செருப்புக்கு வெட்டி மிஞ்சினத கொண்டாந்து ஏரிக்கரையில கொட்டிட்டுப் போய்ட்டான். அவன் ஊட்டு கூடத்துல கொட்டிக்கட்டும். குவாட்டர் பாட்டில், டம்ளர், ஊறுகா கவரு — அம்மன் கோயில் வாசல்லயே! கண்ணு அவிஞ்சா போச்சு இவனுங்களுக்கு?

சைரா ஆம்பூர்லருந்து ஸ்கூட்டில வந்தா. ஷூ கம்பெனில சூப்பர்வைசர். வாரத்துல கெடைக்கிற ஒரு லீவையும் இந்த ஏரிக்கே குடுத்துட்றா. அவ சேத்ததுதான் குப்பை பொறுக்கற எங்க ஞாயித்துக்கெழமை கூட்டம். பைனாகுலர கையில குடுத்து, "அக்கா, ஏரிக்குள்ள நடு மரத்தப் பாருங்க"ன்னா. பாத்தேன். நத்தைக்கொத்தி நாரை கூட்டுல குஞ்சுங்க! கழுத்த நீட்டிகினு நிக்குதுங்க. ஆத்தாக்காரி நத்தைய கொண்டாந்து போட்றா, இதுங்க அடிச்சிக்குதுங்க. சின்னதுல நானும் எங்கண்ணனும் வேர்க்கடலைக்கு அடிச்சிகின மாதிரியே.

கூடு எல்லாம் கோயிலுக்கு நேர் எதிர்க்க. அம்மன் பாத்துக்குவான்னுதான் அங்க வந்து கட்டியிருக்குதுங்க.

டிசம்பர் 21, ஞாயிறு

அண்ணன் ஊட்டுக்கு வந்தாரு. கோயில் தர்மகர்த்தா ஆனதுலருந்து கோதண்டபாணிக்கு நடையே வேற. சேர்ல உக்காந்து காபி வாங்கிகினு சொல்றாரு — காணும் பொங்கல் அன்னிக்கு ஏரிக்கரையில பத்தாயிரம் வாலா சரவெடி கொளுத்தப் போறாராம்.

வேண்டுதலு. போன வருசம் அவரு புள்ள சூரியபிரகாஷ் பைக்ல போறப்ப, முன்னால போன லாரி டயரு வெடிச்சி, பைக்கோட உருண்டுட்டான். வேலூர்ல ஆஸ்பத்திரில நெனப்பு இல்லாம கெடந்தான். "எம்புள்ள நடந்து வந்தா காணும் பொங்கலுக்கு உன் வாசல்ல பத்தாயிரம் வாலா தாயே"ன்னு வேண்டிகினாராம். இப்ப நடக்கறான், லேசா தாங்கித் தாங்கி.

"அண்ணா, குஞ்சுங்க கீதுண்ணா. அந்த சத்தத்துக்கு பெருசுங்க பறந்துடும். சின்னதுங்க மெரண்டு தண்ணில உழுந்து சாவும்"னேன்.

"கமலம், கொக்கு பெருசா, எம்புள்ள பெருசா?"

"கொக்கு இல்ல, நாரை."

"எதுவோ ஒண்ணு. வறுத்தா ஒரே ருசிதான்."

அண்ணி சிரிக்கறா. அவன் எனக்கும் மருமவன்தானே? ஈரத்துணியோட அந்தக் கோயில சுத்தி நான் உருண்டது யாருக்காவ? என்னைப் போய் கேக்கறான், கொக்கு பெருசான்னு!

டிசம்பர் 24

காலைல மார்கழி பஜனை. கோவத்துல பாடி தொண்டை கட்டிக்கிச்சி.

டிசம்பர் 28, ஞாயிறு

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்க்கா"ன்னா சைரா. பாவம், நல்லதுக்குத்தான் சொன்னா. நான் எரிஞ்சி உழுந்துட்டேன். கூடப் பொறந்தவன் மேல நான் பிராது குடுக்கறதா? "எங்க தகராறு எங்க அம்மன்கிட்டதான்"னேன்.

"அப்ப அவங்கள்டயே கேளுங்க"ன்னா.

கேக்கறேன்! பூ போட்டு கேக்கறேன். அப்ப தெரியும் அண்ணனுக்கு. வெளக்கு போட்றது யாரு, வாசல் பெருக்கறது யாரு — அவளுக்குத் தெரியாதா?

ஜனவரி 2, வெள்ளி

செவப்பு.

பூ போட்டுக் கேக்க அண்ணன் ஒத்துகினான். பூசாரி சீனிவாசன் வெத்தலைல வெள்ள அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு மடிச்சி அம்மன் காலடில போட்டாரு. வெள்ள வந்தா வெடி வேணாம், செவப்பு வந்தா வெடி. ஊரே நின்னு பாக்குது. பக்கத்து ஊட்டு ஜோதி பொண்ணு நிஷா, குட்டிக் கையால ஒண்ணு எடுத்தா. பிரிச்சா — செவப்பு. பொம்பளைங்க கொலவ போட்றாளுங்க. அண்ணன் என்னைப் பாத்து மீசைய தடவறான்.

தாயே, உன்ன நான் கேக்கறேன். உன் பாவாடைய தொவைக்கறது யாரு? உன் வாசல்ல பாட்டில் பொறுக்கி முதுகு ஒடிஞ்சவ யாரு? உன்ன நம்பி எதிர்க்க கூடு கட்டிகினு கீதுங்களே, உனக்கு கண்ணு கல்லா? கல்லுதான். கல்லுன்னு காட்டிட்ட.

இனிமே உனக்கு நான் வெளக்கு போட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்க.

ஜனவரி 3

போடல. சாயங்காலம் கை நமநமன்னுது. போடல.

ஜனவரி 11, ஞாயிறு

குஞ்சுங்களுக்கு றெக்கைல கருப்பு வந்துடுச்சாம். இன்னும் கொஞ்ச நாள்தான், அப்றம் பறந்துடும்னு சைரா சொன்னா. அண்ணன் ஊட்டுக்கு ஓடினேன். மாசி மாசத்துக்கு தள்ளி வையேன்னு கால்ல உழாத கொறை. "தேதி சொல்லி வேண்டிகினது. மாத்தினா சாமி குத்தம். அம்மன் பூவும் குடுத்துட்டா. போ கமலம், பேஜார் பண்ணாத"ன்னான்.

சூரியபிரகாஷ் உள்ளேந்து எட்டிப் பாத்தான். என்னமோ சொல்ல வந்தான். "நீ போடா உள்ள"ன்னு அவன்மேலயும் கத்திட்டு வந்தேன்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

போவக் கூடாதுன்னு இருந்தேன். கால் கேக்கல.

கரை மேல செவப்பு பாம்பாட்டம் வாலா நீளமா கெடக்குது. யாருக்காவ வேண்டிகினமோ அவன் கையாலதான் கொளுத்தணும், அதான் வழக்கம். சூரியபிரகாஷுக்கு மாலை, புது வேட்டி. ஊதுபத்திய கையில குடுத்தாங்க. நான் கரையோரமா நின்னேன், வாய் நெறைய சாபத்தோட.

அவன் குனிஞ்சான். கை ஆடுது. ஊதுபத்தி நெருப்பு திரிக்கு கிட்ட போவுது, வெலகுது. மூஞ்சியெல்லாம் வேர்வ. நெருப்புக்கு பயப்பட்றான்னு நெனச்சேன். அவங்கப்பாவ பாக்கல, என்னைப் பாத்தான்.

"அத்த… அந்த சத்தம்… டயரு…"

அப்டியே வாலா மேலயே உக்காந்துட்டான்.

அடப்பாவிங்களா. அம்மன கேட்டோம். இந்தப் புள்ளைய கேட்டமா? அவன் அப்பன் கேக்கல. நாரைக்கு சண்ட போட்ட நானும்தான் கேக்கல.

"குட்றா, நான் வெக்கறேன்"னு எவனோ ஒருத்தன் ஊதுபத்திய புடுங்க வந்தான். அண்ணன் அவன் கையில ஒண்ணு போட்டான் பாரு! அப்றம் கோயில் வாசல்ல இருந்த மஞ்சத்தண்ணி கொடத்த தூக்கினான். இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் வாலா மேல ஊத்திகினே போனான். எதிர்க்க மரத்துல நாரைங்க மட்டும் அலக தட்டிகினு இருந்துதுங்க.

அம்மன் முன்னால நின்னு அண்ணன் சொன்னான், "நடக்க வெச்சிட்ட. அவன் நடுங்கறத பாக்கவா நான் வேண்டிகினேன்? குத்தம்னா என்னைக் கேளு."

நான் மூக்கு சிந்திகினு நின்னேன். என்னண்ட வந்து, "உனக்காவ இல்ல. உன் கொக்குக்காவவும் இல்ல"ன்னுட்டு புள்ள தோள் மேல கை போட்டு கூட்டிகினு போய்ட்டாரு.

ஜனவரி 18, ஞாயிறு

ஊறின வெடிய கூடையில வாரிக் கொட்டினோம். மொத்த கரையும் மருந்து நாத்தம். பாதிக்கு மேல சைராவே வாரினா. நல்லவ.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்னிக்கு குஞ்சு ஒண்ணு பறந்துச்சி. மரத்துலருந்து கெளம்பி, கரைல வந்து உழுந்து எழுந்து, யாரோ தள்ளி உட்ட மாதிரி சுத்திமுத்தி மொறச்சிது. சைரா என் கைய இறுக்கிப் புடிச்சிகினா.

அண்ணன் இன்னும் என்கூட பேசல. அண்ணி பொங்கலுக்கு சுட்ட அதிரசத்த கூட குடுத்தனுப்பல. இருக்கட்டும், எனக்கு மட்டும் வாய் இல்லியா, நானும் பேசல.

காது குத்தற கூட்டம் ஒண்ணு மைக் செட்டோட கோயிலுக்கு வந்துச்சி. நான் கரைய ஏறி சண்டைக்குப் போறதுக்குள்ள கோயில் பக்கம் சத்தம். "ஸ்பீக்கர ரோட்டு பக்கம் திருப்புங்கடா! இங்க கொக்குக் குஞ்சு கீது, தெரியல? கம்மியா வைங்கடா!"

தர்மகர்த்தா.

நாரைன்னு திருத்த வாய் வரைக்கும் வந்துச்சி. முழுங்கிட்டேன்.

சாயங்காலம் போய் வெளக்கு போட்டேன். "வெள்ளப் பூவ மொதல்லயே குடுத்திருந்தா உனக்கு இன்னாவாம்?"னு கேட்டேன். பேச மாட்டா. எண்ணெய இன்னிக்கு கொஞ்சம் கம்மியாதான் ஊத்தினேன்.